அறுபது மில்லியின் அழகு

கேமரன் மலையின் தானா ராத்தாவில் ஒரு சின்னக் கடை. பாலும் சீனியும் இல்லாத ‘தே ஓ கோசோங்’ ஒன்று, சாயம் தூக்கலாகக் கேட்டு வாங்கினேன். கண்ணாடிக் குவளையில் வந்த அந்தச் சிவப்பைக் கொஞ்ச நேரம் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு தெளிவு; குவளையின் மறுபக்கம் பிடித்திருந்த என் விரல் ரேகைகூடத் தெரிந்தது. பிறகு பையிலிருந்த வேதிப் பொறியியல் நோட்டை எடுத்து ஒரு கணக்கில் மூழ்கிவிட்டேன். நிமிர்ந்து பார்க்கும்போது குளிர்காற்று தன் வேலையைச் செய்திருந்தது: தேநீர் ஆறி, மழைக்குப் பிந்தைய ஓடைபோல் கலங்கி நின்றது.

அந்தக் கலங்கலை முகம் சுளிக்காமல் இன்னொரு முறை பாருங்கள். தேயிலை ருசிபார்ப்பவர்கள் இதைக் ‘கிரீம்’ என்பார்கள். சத்துள்ள இலைக்கு அடையாளம் என்று மதிப்பார்கள். சூட்டில் தனித்தனியாகத் திரிந்த கஃபீனும், தேநீருக்குச் சிவப்பையும் துவர்ப்பையும் தரும் பாலிஃபீனால்களும் குளிர்ந்ததும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. சேர்ந்தபின் தண்ணீரில் கரைந்திருக்க முடியாமல் நுண்துகள்களாக மிதக்கின்றன. கஃபீனுக்குத் தண்ணீரோடு உள்ள உறவே வெப்பத்தைப் பொறுத்ததுதான். கொதிநீர் 100 மில்லியில் ஏறக்குறைய 66 கிராம் கரையும். அறை வெப்பத்தில் 2 கிராம்தான்.

நான் போட்டுக்கொண்டிருந்த கணக்கும் இந்தக் கஃபீனைப் பற்றியதே. தேநீரிலிருந்து அதை மெத்திலீன் குளோரைடுக்கு இழுப்பது கல்லூரி ஆய்வகங்களின் பழைய பாடம். முதலில் தேநீரில் சோடியம் கார்பனேட் சேர்ப்பார்கள். துவர்ப்புப் பொருள்கள் உப்பாகித் தண்ணீரிலேயே தங்கிவிட, கஃபீன் தனியே விடுபடும். பிறகு பிரிபுனலில் கரைப்பானை ஊற்றுவார்கள். தண்ணீரைவிட 1.33 மடங்கு கனமான அந்த நிறமற்ற திரவம், பழுப்புத் தேநீரைத் துளைத்துக்கொண்டு மணிமணியாக அடியில் இறங்கும் காட்சி இருக்கிறதே! மேலே மண்ணின் நிறம், கீழே பளிங்கு, நடுவே நூல்பிடித்தாற்போல் ஒரு கோடு. வேகமாகக் குலுக்கினால் கெட்டது. அந்த உப்புகள் சோப்பைப் போல நடந்து எல்லாவற்றையும் பிரியாத பால்மமாக்கிவிடும். தயிர் கடையும் கை இதற்கு ஆகாது, தொட்டில் ஆட்டும் கை வேண்டும்.

அந்தக் கோட்டின் இருபுறமும் கஃபீன் தன்னைப் பங்கிட்டுக்கொள்கிறது. எவ்வளவு போட்டாலும் இரு பக்கச் செறிவுகளின் விகிதம் மாறுவதில்லை என்ற பங்கீட்டு விதியை 1872-இல் பெர்த்தெலோவும் யுங்ஃப்ளைஷும் கண்டார்கள். 1891-இல் நெர்ன்ஸ்ட் அதைச் செம்மையாக்கினார். முழுவதையும் ஒரு பக்கம் கொடுத்துவிடாத, ஒரு பக்கத்தை முற்றிலும் வெறுங்கையோடு விடாத விதி. கணக்கின் நயம் முழுக்க இந்தப் பிடிவாதத்தைச் சுற்றியே பூக்கிறது.

கணக்கு இதுதான். 100 மில்லி தேநீரில் 1 கிராம் கஃபீன். அந்த மாறாத விகிதம், அதாவது பங்கீட்டுக் கெழு, கரைப்பானின் பக்கம் 6 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். கையில் இருக்கும் கரைப்பான் 60 மில்லி. மொத்தத்தையும் ஒரே தடவையில் ஊற்றினால் தேநீரில் 217 மில்லிகிராம் மிஞ்சும். அதே 60 மில்லியை மூன்று இருபதுகளாக்கி, ஒவ்வொரு முறையும் புதிதாக ஊற்றி எடுத்தால் மிச்சம் 94. ஒரு சொட்டுகூடக் கூடுதலாகச் செலவழிக்கவில்லை, பகிர்ந்து ஊற்றியதோடு சரி. அப்படியானால் இன்னும் நுணுக்கமாக, துளித்துளியாகப் பிரித்துக்கொண்டே போனால்? ஆசை நியாயமானதே. ஆனால் எத்தனை முறை பிரித்தாலும் 27-க்குக் கீழே இறங்காது.

இங்கேதான் நான் பேனாவைக் கீழே வைத்தேன். மறுபடியும் மூன்றே நிலைகள், அதே 60 மில்லி. ஆனால் இந்த முறை ஆலையில் நடப்பதுபோல் இரண்டும் எதிரெதிராக ஓடட்டும். தேநீர் இந்த முனையில் நுழைய, கரைப்பான் அந்த முனையில் நுழைகிறது. ஏறக்குறைய எல்லாவற்றையும் இழந்துவிட்ட தேநீரைத் துளி கஃபீனும் ஏறாத புதுக் கரைப்பான் சந்திக்கிறது. நிறையச் சுமந்துவிட்ட கரைப்பான், இன்னும் செறிவு குறையாத புதுத் தேநீரிடம் போய் மேலும் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. மிச்சம் 16 மில்லிகிராம்! எண்ணற்ற முறை பகிர்ந்து ஊற்றியும் எட்டாத இடத்தை, திசையை மாற்றிய மூன்றே நிலைகள் எட்டிவிட்டன.

தண்ணீர்ப் பஞ்சத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. கடைசி அலசல் தண்ணீரைக் கீழே கொட்டாமல், அடுத்த ஈட்டுத் துணியின் முதல் அழுக்குக்கு எடுத்து வைக்கும் அம்மாக்களின் கை, க்ரெம்சரின் சமன்பாட்டை அறியாமலே அதன்படி நடந்தது. வாயு உறிஞ்சலுக்காக 1930-இல் அவர் எழுதிய அந்தச் சிறிய வாய்ப்பாடு திரவங்களுக்கும் அப்படியே பொருந்துகிறது: மிஞ்சும் பங்கை அறிய, 3.6-இலிருந்து ஒன்றைக் கழித்து, 3.6-இன் நான்காம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்ததால் வகுக்க வேண்டும். 3.6 என்பது ஆறு பெருக்கல் 60 வகுத்தல் 100. நான்கு என்பது மூன்று நிலைகளோடு ஒன்று. நிலைகளின் எண்ணிக்கை அடுக்காக ஏறி உட்கார்ந்திருக்கும் அந்த இடத்தை மட்டும் பாருங்கள். ஒரு நிலை கூடினால் பகுதி மூன்றரை மடங்குக்குமேல் பெருகுகிறது. மிச்சமோ அதே வீதத்தில் உருகுகிறது. மூன்று வரிகளில் முடிந்துவிடும் கணக்கு. எனக்கு ஒரு பிற்பகல் போதவில்லை.

கடைக்கு எதிரே மலைச்சரிவு, சீவிவிட்ட தலைபோல் வரிவரியாகத் தேயிலை. 1885-இல் வில்லியம் கேமரன் அளக்க வந்த மலை; 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய மலை. லயங்களில் தமிழ் பேசியவர்கள் கூடையும் தலைச்சுமையுமாக ஏறி இறங்கிய மலை. இன்று கத்திரியும் இயந்திரமும் கொழுந்தெடுப்பதே அதிகம். அன்று ‘ரெண்டு இலை, ஒரு மொட்டு’ என்று தேர்ந்து கிள்ளிய விரல்களை நினைத்துக்கொண்டேன். கஃபீன் மிகச் செறிந்திருப்பது அந்த இளந்துளிரில்தான். பிரிபுனலுக்கு வெகு முன்பே, முதல் பிரித்தெடுப்பை அந்த நகக்கண்கள் செய்துவிட்டன.

“ஆறிப்போச்சேண்ணே, கொஞ்சம் சுடுதண்ணி ஊத்தட்டா?” என்று கடைக்காரத் தம்பி கெண்டியோடு வந்து நின்றார். குவளையை நீட்டினேன். ஆவி எழ எழ, அடியிலிருந்து மேலாகக் கலங்கல் விலகியது. மீண்டும் என் விரல் ரேகை தெரிந்தது.