பாண்டி பஜாரில் உலா, கும்மிடிப்பூண்டியில் நடை

அப்பாவைப் பாண்டி பஜாருக்கு முதன்முதலாகக் கூட்டிப்போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தங்கையின் வளைகாப்புக்குப் புடவை எடுக்க வந்திருந்தோம். அம்மாவும் தங்கையும் கடைக்குள் போய்விட, நாங்கள் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்பா செருப்பைக் கழற்றி, தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தார். "நல்லாத்தான் போட்டுருக்கான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏன்டா, இவ்ளோ அகலமா இருக்குது, சைக்கிளு ஒண்ணையும் காணோமே?"

சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

தியாகராய சாலையின் இந்த நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. பனகல் பூங்காவிலிருந்து தணிகாசலம் சாலை வரை சுமார் 700 மீட்டர், ஸ்மார்ட் சிட்டி பணத்தில் கிட்டத்தட்ட 40 கோடி ரூபாய். இதற்கு முன்னால் 2014இலேயே சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் ஒரு நகரம் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. 2018க்குள் 80 சதவீதத் தெருக்களில் நடைபாதை என்பது அதன் இலக்குகளில் ஒன்று. அது எந்த அளவுக்கு நடந்தது என்பதை உங்கள் தெருவில் இறங்கி நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

பாண்டி பஜாரை 'மேட்டுக்குடி ஷோக்கு' என்று ஒதுக்குகிற விமர்சனம் எனக்கு ஒப்பவில்லை. காசு கொடுக்காமல் உட்கார இடம் தருகிற தெருக்கள் நம் ஊரில் எத்தனை? வியாசர்பாடியிலிருந்து குடும்பத்தோடு வந்து, ஒன்றும் வாங்காமல், குழந்தையை ஓடவிட்டு, ஒரு ஐஸ்கிரீமோடு திரும்புகிறவர்களை அங்கே பார்த்திருக்கிறேன். நடக்கிறவனுக்கு மரியாதை கொடுத்தால் தெரு எப்படி மாறும் என்பதற்குக் கண்முன்னே உள்ள சாட்சி அது.

என் குறை வேறு. தமிழில் உலா என்று ஓர் இலக்கிய வகை உண்டு. தலைவன் வீதியில் பவனி வருவான்; பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்கள் பார்த்து மயங்குவார்கள். ஒட்டக்கூத்தரின் மூவருலா இந்த வகைதான். உலா வருகிறவனுக்கு எங்கேயும் போய்ச் சேரவேண்டிய அவசரம் கிடையாது. பார்ப்பதும் பார்க்கப்படுவதும்தான் விஷயம். பாண்டி பஜார் கட்டப்பட்டிருப்பது இந்த உலாவுக்காக. கடைக் கண்ணாடிக்கும் வாடிக்கையாளர் கண்ணுக்கும் நடுவே எதுவும் மறைக்கக் கூடாது. அந்தத் தெருவுக்குப் பேர் வாங்கிக்கொடுத்த நடைபாதைக் கடைக்காரர்கள், வளாகம் வருவதற்குச் சில வருஷம் முன்பே ஒரு மாடிக் கட்டடத்துக்குள் அனுப்பப்பட்டுவிட்டார்கள்.

அதே தி. நகரில் வாழ்ந்த அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில் ஜமுனா நடப்பது இன்னொரு நடை. கையில் குடம், எந்தத் தெருவில் தண்ணீர் வருகிறது என்ற வதந்தி, தோண்டிப் போட்ட சாலை. ரசிப்பதற்காக இல்லை, வேறு வழியில்லாததால் நடப்பவர்கள். நம் நகரங்களில் பெரும்பாலான நடையும் சைக்கிளும் இந்த வகைதான் என்பது என் கட்சி.

எங்கள் ஊர் கும்மிடிப்பூண்டிக்கு வந்து பாருங்கள். சிப்காட்டில் ஷிப்ட் ஆறு, ரெண்டு, பத்து. அந்த நேரங்களில் கம்பெனி கேட்டுகளிலிருந்து சைக்கிள்கள் கொட்டும். ஒடிசாக்காரர்கள், பீகார்க்காரர்கள், எங்கள் ஊர்க்காரர்கள். இரும்பு உருக்கும் ஆலைகளுக்குப் போகும் ட்ரெய்லர்கள் சாலை ஓரத்தை அடைத்து நிற்கும். சைக்கிள்காரன் அதைச் சுற்றிக்கொண்டு சாலைக்குள் இறங்கவேண்டும். பின்னால் கல்கத்தா நெடுஞ்சாலைக்கு விரைகிற இன்னொரு ட்ரெய்லர். அப்பா ஒருமுறை இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது அப்படி உரசப்பட்டு விழுந்தார். இடது முழங்கை இன்றுவரை முழுசாக நீளாது. அதற்குப் பிறகு கம்பெனியில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒன்று கொடுத்தார்கள். சாலை அப்படியே இருந்தது. பின்மட்கார்டில் மட்டும் ஒரு மஞ்சள் பட்டை ஏறியது.

அந்த மட்கார்டு யாருடையது தெரியுமா? தங்கை பதினொன்றாம் வகுப்பில் வாங்கிய அரசு இலவச சைக்கிள். அவள் காலேஜுக்கு பஸ்ஸில் போக ஆரம்பித்ததும் முன்கூடையோடு அப்பாவிடம் வந்துவிட்டது. கூடையில் டிபன் பாக்ஸ். சைக்கிளை விடுதலையாகப் பார்த்த மாநிலம் இது. 1991இல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதை உலகமே எழுதியது. ஹெர்குலிஸும் பிஎஸ்ஏவும் தயாரித்த டிஐ சைக்கிள்ஸ் 1949இல் அம்பத்தூரில் தொடங்கியது. அம்பத்தூர் 2018 வரை எங்கள் திருவள்ளூர் மாவட்டம்தான். சைக்கிள் செய்யத் தெரியும், கற்றுக்கொடுக்கத் தெரியும், இலவசமாகக் கொடுக்கவும் மனசு உண்டு. ஓட்ட இடம் மட்டும் கிடையாது.

செய்யத் தெரியாமல் இல்லை. இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி நடைபாதைக்குத் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர். தரையைச் சமமாகப் போடுவது, வண்டி ஏறாமல் குட்டைத் தூண் நடுவது, விளக்கு வைப்பது எல்லாமே பாண்டி பஜாரில் செய்து காட்டியாயிற்று. அதை ரயில்வே ஸ்டேஷனிலிருந்து சிப்காட் கேட் வரைக்கும், நிழலுக்கு மரத்தோடு போட எந்த அதிசய அறிவும் தேவையில்லை. கிரானைட்கூட வேண்டாம். லாரி ஏற முடியாத ஒரு விளிம்பும், ராத்திரி பத்து மணிக்கு எரிகிற விளக்கும் போதும்.

ஆனால் நம் திட்டக்காரர்களின் கற்பனை வேறு பக்கம் ஓடுகிறது. 2023இல் மாம்பலம் ஸ்டேஷனுக்கும் தி. நகர் பஸ் நிலையத்துக்கும் நடுவே 570 மீட்டர் ஆகாய நடைபாதை திறந்தார்கள். மழைக்கு நல்லது, ரங்கநாதன் தெரு நெரிசலுக்கும் நல்லதுதான், நானே போகிறேன். ஆனாலும் கீழே தெருவை அப்படியே விட்டுவிட்டு நடப்பவனை மேலே தூக்கி வைப்பதில் எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது.

அன்றைக்கும் புடவைப் பையோடு அதில்தான் நடந்தோம். மாம்பலத்தில் ஏறி, பார்க்கில் இறங்கி, சாலையைக் கடந்து மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸில் கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்தோம். அப்பாவுக்கு அன்று ராத்திரி ஷிப்ட். ஸ்டேஷனில் எங்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுத்தார். டைனமோ போய் ரொம்ப நாளாகிறது. கூடையில் டார்ச்சை முன்பக்கம் பார்க்கச் சாய்த்து வைத்து, அது உருளாமல் இருக்க ஜவுளிக்கடைப் பை ஒன்றை மடித்து அடைகொடுத்துவிட்டு, பெடலை மிதித்தார்.