சாறும் சக்கையும்

ஏ.சி. ஹோட்டலில் உட்கார்ந்ததும் வருகிற முதல் கேள்வி, "சூப் ஏதாச்சும் சொல்றீங்களா சார்?" என்பதுதான். நாமும் மெனு கார்டைப் புரட்டி, வாயில் நுழையாத பெயர்களையெல்லாம் தாண்டி, "ஸ்வீட் கார்ன் சிக்கன் சூப், ஒன் பை டூ" என்று பழகிய இடத்துக்கே வந்து சேருகிறோம். கிண்ணம் வருகிறது. ஸ்பூனை நட்டுவைத்தால் சாயாது போலிருக்கிறது. நடுநடுவே நூல் நூலாகக் கோழி. பெயரில் 'சிக்கன்' என்று போட்டதற்கு அந்த நூல்தான் சாட்சி!

பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் ஐந்தொகை போடத் தோன்றும். இந்தக் கிண்ணத்துக்கும் போட்டுப் பார்க்கலாம். அந்தக் குழகுழப்பு எங்கிருந்து வந்தது? சோள மாவு. நாக்கில் நிற்கிற கறி ருசி? அஜினோமோட்டோ. மிச்சம் உப்பு, மிளகுத்தூள், தண்ணீர். கோழி செய்யவேண்டிய இரண்டு வேலைகளையும் இரண்டு பொடிகள் செய்துவிடுகின்றன. கோழிக்குக் கௌரவ வேடம்.

அஜினோமோட்டோ விஷம் என்று பயமுறுத்துவது என் வேலை இல்லை. 1908-ல் ஜப்பானில் கிகுனே இகேடா என்ற பேராசிரியர், கடல்பாசியில் காய்ச்சின சாறு ஏன் இத்தனை ருசி என்று ஆராய்ந்து பிரித்தெடுத்த உப்பு அது. நம் தக்காளியிலும் அதே குளூட்டமேட் உண்டு. என் புகார் வேறு. கோழி உழைத்துச் சம்பாதிக்கவேண்டிய பெயரை அது சும்மா தட்டிக்கொண்டு போகிறது.

அசல் கோழிச் சாற்றில் அப்படி என்ன நடக்கிறது? எலும்பு, மூட்டு, தோல், கால் இவற்றிலெல்லாம் கொலாஜன் என்ற நார் இருக்கிறது. 70 டிகிரி சூட்டுக்கு மேல் தண்ணீரில் நெடுநேரம் கிடந்தால் அது இளகி ஜெலட்டின் ஆகிறது. உதட்டில் லேசாக ஒட்டுகிறதே, ஆறவைத்தால் மறுநாள் அல்வா மாதிரி ஆடுகிறதே, அது ஜெலட்டின் உபயம். இதற்கு வயதான கோழி வேண்டும், நேரமும் வேண்டும். கடையில் வாங்கும் பிராய்லருக்கு வயது 35-லிருந்து 42 நாள். பாவம், மூட்டு முற்றுவதற்குள் ஆயுசு முடிந்துவிடுகிறது. அதை எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் வெந்நீருக்குக் கொஞ்சம் மேலே, சாற்றுக்கு ரொம்பக் கீழே.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மெட்ராஸில் இருந்த வெள்ளைக்காரர்கள் நம் மிளகுத் தண்ணியைப் பார்த்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் சூப் குடித்துப் பழகியவர்கள். ரசத்தை அப்படியே குடிக்க மனசு வரவில்லை. அதில் கோழியையும் ஆட்டுக்கறியையும் போட்டு 'மல்லிகாட்டானி' என்று பெயர் வைத்தார்கள். 1878-ல் 'வைவர்ன்' என்ற புனைபெயரில் கென்னி-ஹெர்பர்ட் என்ற ராணுவ அதிகாரி மெட்ராஸ் சமையல்பற்றி எழுதி ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்ட புத்தகத்தில் அதற்குத் தனி இடமே உண்டு. நம்மிடமிருந்து போனது பெயரை மாற்றிக்கொண்டு திரும்பிவந்து, இன்றைக்கு நட்சத்திர ஹோட்டல் மெனுவில் நம்மை 'ஹலோ' சொல்லி விசாரிக்கிறது.

பெயர் மாறாமல் ஊரிலேயே இருந்துவிட்ட சாறும் உண்டு. சங்கரன்கோவில் பக்கம் குருவிகுளம் வட்டாரத்துக்குப் போய்ப் பாருங்கள். 2019 வரை திருநெல்வேலி மாவட்டம், இப்போது தென்காசி. கரிசல் மண். மழை பெய்தால் வெள்ளாமை, இல்லாவிட்டால் வானம் பார்த்து உட்கார்ந்திருக்கவேண்டியதுதான். சோளம், கம்பு, பருத்தி, உளுந்து, மிளகாய் என்று புன்செய்ப் பிழைப்பு. வீட்டுக்கு வீடு நாலு கோழி மேயும். இந்தக் கரிசலில் தலைமுறை தலைமுறையாகத் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் ஏராளம். அவர்கள் தெற்கே குடியேறின கதையைத்தான் கி.ராஜநாராயணன் 1976-ல் 'கோபல்லபுரம்' நாவலாக எழுதினார். அந்த வீடுகளில் ரசத்துக்கு 'சாரு' என்று பெயர். பக்கத்து வீட்டுத் தமிழில் 'சாறு'. ஓர் எழுத்துதான் வித்தியாசம். கோழிக்கு அது தெரியவா போகிறது?

சில வருஷங்களுக்கு முன்னால் அங்கே ஒரு நண்பரின் வீட்டில் இந்தச் சாறு காய்ச்சுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த பேத்திக்காக, எண்பது வயசு அவ்வா அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தார். முட்டை வைக்க ஆரம்பிக்காத வெடக்கோழி. வைக்கோல் தீயில் வாட்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவி, எலும்போடு சின்னச் சின்னத் துண்டாக வெட்டியிருந்தார்கள். மண்சட்டியில் நல்லெண்ணெய். தட்டிப்போட்ட சின்ன உள்ளி, பூண்டு. அம்மியில் நுணுக்கின மல்லி, சீரகம், மிளகு. பச்சைத் தண்ணீர் ஊற்றி, தீயைக் குறைத்து வைத்தாயிற்று. தேங்காய் கிடையாது, வத்தல் கிடையாது. பத்தியம்.

"இன்னும் எவ்வளவு நேரமாகும் அவ்வா?" என்றேன்.

"அவசரப்பட்டா எப்படி தம்பி? எலும்பு எளக வேண்டாமா? தளதளன்னு கொதிக்க விட்டா கலங்கிப் போகும். சட்டி முணுமுணுக்கணும், அம்புட்டுதான்."

சமையல் கல்லூரியில் ஃபீஸ் கட்டிப் படிக்கிறவர்களுக்கு முதல் வாரம் சொல்லித் தருகிற பாடம் இதுதான். ரொம்பக் கொதித்தால் கொழுப்பும் தண்ணீரும் கலந்து கலங்கிவிடும். மெல்லக் காய்ந்தால் தெளிவாக இறங்கும். அவ்வா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: முணுமுணுக்கணும்.

இரண்டு மணி நேரம் கழித்து, பேத்திக்கு எவர்சில்வர் டம்ளரில் பொன்னிறமாகச் சாறு போனது. அப்படி ஒரு வாசனை! எந்த ஏ.சி. ஹோட்டலும் கிட்ட நிற்க முடியாது. அடுத்து, வடித்த சட்டியிலிருந்த கறியில் மசாலா சேர்த்துப் பிரட்டி ஆம்பிளைகளுக்குப் பந்தி. பிள்ளைபெற்றவளுக்கு?

"பச்ச ஒடம்பு தம்பி, கறி செரிக்காது. சத்தெல்லாம் சாத்துல எறங்கிருச்சு. இது வெறும் சக்கைதான்" என்றார் அவ்வா. உள்ளே இருந்து பேத்தியின் குரல் மட்டும் வந்தது: "அந்தச் சக்கைல எனக்கும் ரெண்டு துண்டு வைங்க அவ்வா!" எல்லோரும் சிரித்தார்கள். துண்டு போகவில்லை.

அவ்வாவின் கைப்பக்குவத்துக்கு நூற்றுக்கு நூறு போடலாம். அந்தப் பந்தி வரிசைக்குத்தான் மார்க் போட முடியவில்லை. குருவிகுளம் என்றில்லை, தமிழ்நாட்டில் முக்கால்வாசி அசைவ வீடுகளில் இதே வசனம்தான் ஓடுகிறது. 'சத்து சாற்றில், சக்கை சட்டியில்.' பள்ளிக்கூடத்து விஞ்ஞானமே போதும், இது தலைகீழ் என்று சொல்ல. வீட்டில் காய்ச்சின ஒரு டம்ளர் சாற்றில் புரதம் உத்தேசமாக 5 கிராம். அதிலும் பெரும்பகுதி ஜெலட்டின். உடம்புக்கு அவசியமான அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோஃபேன் அதில் கிடையாது. 100 கிராம் வெந்த கறியிலோ 25 கிராமுக்கு மேல் முழுப் புரதம். பால் கொடுக்கிற தாய்க்கு முதல் ஆறு மாதம் தினமும் சுமார் 17 கிராம் புரதம் கூடுதலாக வேண்டும் என்பது ஐ.சி.எம்.ஆர். 2020-ல் போட்ட கணக்கு. அவள் டம்ளரில் போனது எவ்வளவு, பந்தியில் போனது எவ்வளவு என்று நீங்களே கழித்துப் பாருங்கள்.

ஈரல் கதை இன்னும் மோசம். கோழியில் இரும்புச்சத்து குவிந்திருக்கிற இடம் அது. நம் வீடுகளில் அது போகிற இடம் மாப்பிள்ளையின் இலை, இல்லாவிட்டால் கடைக்குட்டிப் பையனின் தட்டு. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15-லிருந்து 49 வயதுக்குள் உள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. எல்லாப் பழியையும் ஈரல் மேல் போட முடியாது. ஆனால் பந்தி வரிசைக்கும் இதில் பங்கு இல்லை என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது.

இந்தத் தப்பு நமக்கு மட்டும் சொந்தமில்லை. சீமையில் நோயாளிக்கு மாட்டுக்கறிச் சாறு கொடுத்துக் கொடுத்தே காலம் தள்ளினார்கள். 1859-ல் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் நோயாளிகளைக் கவனித்துக்கொள்கிற பெண்களுக்கு எழுதின புத்தகத்தில் இதைப் போட்டு உடைத்தார்: சாற்றைச் சுண்டக் காய்ச்சிப் பாருங்கள், அரை பைண்ட்டுக்கு ஒரு டீஸ்பூன் சத்துகூட மிஞ்சாது என்ற அர்த்தத்தில். அப்படியும் அதில் தேற்றுகிற குணம் ஏதோ இருக்கிறது என்பதை அவர் மறுக்கவில்லை. பெரிய மனுஷி!

அடுத்து வந்தவர் லீபிக். ஜெர்மன் ரசாயன மேதை. 1865-ல் அவர் பெயரில் ஒரு கம்பெனி. தென் அமெரிக்காவில் முப்பது கிலோவுக்கு மேல் கறியைக் காய்ச்சி ஒரு கிலோ பசையாக்கி, 'இதுதான் கறியின் சத்து' என்று ஐரோப்பாவில் விற்றார்கள். அதில் புரதம் சொல்லிக்கொள்கிற அளவுக்கு இல்லை என்று மற்ற விஞ்ஞானிகள் பிடித்துக்கொண்டதும், கம்பெனி மெல்ல 'ருசிக்கு, தெம்புக்கு' என்று விளம்பரத்தை மாற்றிக்கொண்டது. அதன் வாரிசுதான் 1910-ல் வந்த ஆக்ஸோ கட்டி. இன்றைக்கு நாம் பாக்கெட் பிரித்துப் போடுகிற சூப் கட்டிகள் எல்லாம் அந்த வம்சம். ஆக, அவ்வாவும் லீபிக்கும் ஒரே தப்பைத்தான் செய்தார்கள். லீபிக் அதில் லாபமும் பார்த்தார்.

சளிக்குக் கோழிச் சாறு நல்லது என்கிறார்களே, அதுவும் பொய்யா? அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஸ்டீஃபன் ரென்னார்ட், மனைவியின் பாட்டி வழிச் சமையல் குறிப்புப்படி காய்ச்சின சூப்பைச் சோதனைக்கூடத்தில் ஆராய்ந்து 2000-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அழற்சியின்போது ஓடிவருகிற ஒருவகை வெள்ளை அணுக்களின் வேகத்தை அந்த சூப் குறைத்தது. கவனியுங்கள், சோதனைக் குழாயில், மனிதர்களிடம் இல்லை. சூடும் உப்பும் தண்ணீரும் தொண்டைக்கு இதம், பசியைக் கிளப்பும், ஜுரத்தில் காய்ந்த உடம்பை நனைக்கும். சாற்றின் வேலை அவ்வளவுதான். அந்த வேலையை அது பிரமாதமாகச் செய்கிறது. சாப்பாட்டுக்குப் பதிலாக அதை உட்காரவைப்பதுதான் அநியாயம்.

நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் சீமையில் சண்டை போட்டுத் தீர்த்த விஷயம் நம்மிடம் ஏன் இன்னும் பாக்கி இருக்கிறது? எனக்குத் தோன்றுகிற காரணம் ஒன்று உண்டு. நம் அசைவச் சமையல் ரொம்ப காலம் அச்சில் ஏறவே இல்லை. 1951-ல் மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' எழுதினார். மருமகள் கையோடு கொண்டுபோகிற புத்தகம் அது, சுத்த சைவம். கரிசல்காட்டுக் கோழிச் சாறு வாய்வழியாக மட்டுமே வந்தது. அச்சில் வந்தால் ஒருத்தர் எழுதுவார், இன்னொருத்தர் மறுப்பார், அடுத்த பதிப்பில் திருத்துவார்கள். வாய்வழி வருவதில் பக்குவமும் மூடநம்பிக்கையும் ஒரே சட்டியில் வேகும். பிரித்தெடுக்க ஆள் இல்லை. பிற்பாடு பத்திரிகை இணைப்புகளில் 'வகை வகையாய் சூப்' வந்தபோதோ அவ்வா காணாமல் போய், 'சோள மாவு 2 டீஸ்பூன்' வந்து உட்கார்ந்துவிட்டது.

'அந்தக் காலத்தில்...' என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த இரண்டு மணி நேரம் அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தது ஒரு பெண்மணி. பெருமூச்சு விடுகிற எந்த ஆம்பிளையும் பக்கத்தில் விறகு தள்ளிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. இப்போது அந்தச் சாக்கும் செல்லாது. குக்கர் இருக்கிறது.

கறிக்கடையில் மலிவாகத் தள்ளுகிற கழுத்து, முதுகெலும்பு, கால் இவற்றைக் கேட்டு வாங்குங்கள். கூடவே ஒரு முட்டைக்கோழி. நாமக்கல் பண்ணைகளில் ஒன்றரை வயசு வாக்கில் முட்டை குறைந்ததும் கழித்துக்கட்டுகிற கோழி அது. கறி கடினம் என்று ஒதுக்குவார்கள். சாற்றுக்கு அந்த வயசுதான் யோக்கியதை. பச்சைத் தண்ணீரில் போட்டு, நுரை கட்டினால் வழித்தெடுத்துவிட்டு, உள்ளி, பூண்டு, சீரகம், மிளகு தட்டிப்போட்டு மூடுங்கள். முதல் விசிலுக்குப் பிறகு தணலைக் குறைத்து 40 நிமிஷம். உப்பு கடைசியில். நீங்கள் டி.வி. பார்க்கலாம். விசில் எண்ணுவதற்கு மீசை தடையில்லை.

சாற்றை வடித்து எறியாதீர்கள், கறியைச் சக்கை என்று ஒதுக்காதீர்கள். எலும்பிலிருந்து உதிர்த்து, குழைந்த சோற்றில் போட்டு, மேலே சாற்றை ஊற்றி, ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து பாருங்கள். மழை நாளில் அதற்கு ஈடு கிடையாது. சுகப்பிரசவம் ஆன பெண் கறி சாப்பிடக் கூடாது என்று எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை. ஆபரேஷன் என்றால் டாக்டர் சொல்கிறபடி ஓரிரு நாள் பொறுத்துக் கொடுங்கள்.

முதல் தட்டு யாருக்கு என்பதை மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமை மாற்றுங்கள். ஈரலும் தொடையும் அவளுக்கு. மிச்சத்தைப் பந்தியில் பரிமாறுங்கள். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டால் ஒரு டம்ளர் சாறு கொடுங்கள். சத்தெல்லாம் அதில்தானே இருக்கிறது!