தகவலாளி என்றொரு சாதி

மன்னார்புரம் ரவுண்டானாவுக்குப் பக்கத்தில் ஒரு டி.டி.பி. கடை. ஆய்வேடு அடிப்பது, ஜெராக்ஸ் எடுப்பது, பைண்டு போடுவது எல்லாம் அங்கேதான். 2014இல் என் பி.எச்டி. ஏட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் கேட்டார்: "சார், கட்டுரை வந்தாச்சா? வரலேன்னா சொல்லுங்க. ரெண்டாயிரம் ஆவும். ஐ.எஸ்.எஸ்.என். நம்பரோட போட்டுத் தர்றோம்."

"யாரு படிச்சுப் பாத்து ஓகே பண்ணுவாங்க?"

"படிக்கிறதா?" என்று சிரித்தார்.

ஆய்வேட்டைக் கொடுக்குமுன் ஒரு கட்டுரையாவது மதிப்பீடு உள்ள ஆய்விதழில் வந்திருக்க வேண்டுமென்று யு.ஜி.சி. 2009இல் விதி செய்தது. 2010இல் வாத்தியார்களுக்கும் கட்டுரைக்கு இத்தனை புள்ளி என்று கணக்கு வந்தது. விதி வந்த கையோடு வியாபாரமும் வந்தது. 2018 மே மாதம் யு.ஜி.சி. தன் பட்டியலிலிருந்தே 4305 இதழ்களை நீக்கியது. அப்புறம் 'கேர்' என்று புதுப் பட்டியல். 2022இல் கட்டுரைக் கட்டாயம் போனது. 2025 பிப்ரவரியில் கேர் பட்டியலும் கைவிடப்பட்டது. போலி இதழ், காசு வாங்கும் இதழ், திருட்டுக் கட்டுரை: ஆய்விதழ் அறம் என்றால் இதைத்தான் பேசுகிறார்கள். பேசட்டும். ஆனால் காசே வாங்காத, முறைப்படி நடக்கிற இதழிலும் ஒரு திருட்டு நடக்கிறது. அதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை.

நான் கடைக்காரரிடம் காசு கொடுக்கவில்லை. என் கட்டுரை ஒழுங்கான இதழ் ஒன்றில் வந்தது. எங்கள் சேரியின் ஒப்பாரிப் பாடல்களைப் பற்றியது. பாதிக்கு மேல் என் அப்பாயி பாடியவை. இழவு வீட்டில் எந்த உறவுக்கு எந்த வரி, ஊர்க்காரன் வீட்டு எழவில் எந்த வரியை விழுங்கிவிட வேண்டும், ஏன், இதையெல்லாம் எனக்கு உட்காரவைத்துச் சொன்னது அவள். கட்டுரையில் முதல் பெயர் நெறியாளருடையது. அவர் ஒரு இழவு வீட்டுக்கும் வந்ததில்லை. இரண்டாவது பெயர் என்னுடையது. அப்பாயி கடைசிப் பக்கத்துப் பட்டியலில் இருந்தாள். தகவலாளி 3. பெண். வயது 70. படிப்பு இல்லை. அப்புறம் சாதி.

இதழை அவளிடம் காட்டினேன். தடவிப் பார்த்துவிட்டு, "இதுல எம்பேரு எங்கடா இருக்கு?" என்றாள். மூன்று என்ற எண்ணில் விரலை வைத்தேன். பேரை விட்டுவிட்டார்கள், சாதியை விடவில்லை. விட்டுவிட்டார்கள் என்று யாரைச் சொல்கிறேன்? அந்தப் பட்டியலை எழுதியவன் நான்தான். அப்படித்தான் எழுத வேண்டுமென்று எனக்குக் கற்பித்திருந்தார்கள். நானும் கேள்வி கேட்கவில்லை.

கோபால் குரு 2002 டிசம்பரில் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் எழுதிய கட்டுரை இந்த இடத்தைத்தான் பிடித்தது. இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு சொல்கிறவர்கள் ஒரு பக்கம், தரவு கொடுக்கிறவர்கள் மறுபக்கம். இந்தப் பிரிவினை வருணப் பிரிவினை மாதிரியே இருக்கிறது என்றார். கோட்பாட்டைக் கையில் எடுப்பது தலித்துகளின் அறப்பொறுப்பு என்றும் சொன்னார். அப்பாயி தரவு கொடுத்தவள் மட்டுமா? எந்த வரியை எங்கே விழுங்க வேண்டும் என்று அவள் சொன்னாளே, அது விளக்கம். அதுதான் என் கட்டுரையின் வாதமே. அதை நான் என் வாதமாக எழுதிக்கொண்டேன்.

அச்சு நமக்குப் புதுசு இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி, 1914இல் சாகும்வரை நடத்தினார். வரலாறு, மொழி, சமயம் எல்லாவற்றிலும் வாதம் செய்தார். ஞான. அலாய்சியஸ் அந்த எழுத்துகளைத் தொகுத்து, பாளையங்கோட்டையிலிருந்து 1999இல் வெளிவந்த பிறகுதான் பல்கலைக்கழகம் திரும்பிப் பார்த்தது. எண்பத்தைந்து வருசம். இவ்வளவு காலம் மேற்கோள் காட்டாமல் இருந்ததற்கு எந்த அறக்குழு விசாரணை வைத்தது?

பதிப்பு அறத்துக்கு இலக்கணம் வேண்டுமென்றால் 1936க்குப் போங்கள். லாகூர் ஜாத்பாத் தோடக் மண்டல் மாநாட்டுக்கு அம்பேத்கரைத் தலைமை தாங்க அழைத்தார்கள். உரையைப் பார்த்ததும் சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்றார். மாநாடு நின்றது. அவரே சொந்தச் செலவில் அச்சிட்டார். 1500 பிரதிகள் இரண்டு மாதத்தில் தீர்ந்தன. அதைவிடப் பெரிய விசயம் அப்புறம் நடந்தது. காந்தி 'ஹரிஜன்' இதழில் மறுத்து எழுதினார். 1937இல் இரண்டாம் பதிப்பு போட்டபோது, அந்த மறுப்பையும் சேர்த்து அச்சிட்டு, பின்னால் தன் பதிலை வைத்தார். நூலுக்கு முன்னால் மண்டலோடு நடந்த கடிதங்களையும் வைத்தார். யார் எதை வெட்டச் சொன்னார்கள் என்பது வாசகருக்குத் தெரியும். எதிராளி சொன்னதும் தெரியும். இன்றைக்கு எத்தனை ஆய்விதழ் இதைச் செய்யும்? "மொழிநடை தரமாக இல்லை" என்ற ஒரு வரியோடு நம்ம பையன் பொண்ணுங்க கட்டுரை திரும்பி வருகிறது. பெயரை மறைத்துத்தான் மதிப்பிடுகிறோம் என்கிறார்கள். பெயரை மறைக்கலாம், பேச்சை எப்படி மறைப்பது? சேரிப் பேச்சு வரியிலேயே காட்டிக் கொடுத்துவிடும்.

ஆனால் தோழர்களே, நம்ம பத்திரிகைகளையும் கேட்க வேண்டும். சாட்சியம் போடுகிறோம். சொன்னவளுக்கு அதை வாசித்துக் காட்டினோமா? "இந்த வரி வேணாம்" என்று சொல்ல இடம் கொடுத்தோமா? பேர் போட்டே ஆக வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. கலவரம் நடந்த ஊரில் பேர் வெளியே வந்தால் மறுநாளே வேலைக்குப் போக முடியாது. பேர் போடுவதும் மறைப்பதும் சொன்னவளின் முடிவு. எழுதுகிறவனுடையதும் இல்லை, ஆசிரியருடையதும் இல்லை. கேட்க வேண்டும், அவ்வளவுதான். நான் அப்பாயியைக் கேட்கவில்லை.

அந்த இதழுக்குத் திருத்தம் கேட்டு எழுதியிருக்கிறேன்: தகவலாளி 3 என்பதை எடுத்துவிட்டு, அப்பாயியின் பெயரைக் கட்டுரை ஆசிரியர்களில் ஒருவராகச் சேர்க்க வேண்டும். இந்தத் தடவை அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். "போடு, என்ன பயம்" என்றாள். இதுவரை பதில் இல்லை. மறுபடியும் எழுதுவேன். அவளுக்கு எண்பது தாண்டிவிட்டது. அவள் உயிரோடு இருக்கும்போதே அந்தத் திருத்தம் வர வேண்டும்.