தும்பிக்கை ஐகாரம்

ஒரகடம் பக்கம் போனால் 'தொழிற்சாலை', 'வேலை' என்று எங்கும் லை. பழைய புத்தகங்களில் இந்த ஐகாரம் எழுத்தோடு ஒட்டி யானைத் தும்பிக்கை போல வளைந்திருக்கும். பெரியார் 1935-லேயே தம் பத்திரிகையில் மாற்றியதை 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்க, 13 எழுத்துக்கள் உருமாறின. யூனிகோடில் பழசுக்கும் புதுசுக்கும் எண் ஒன்றேதான். வடிவம் ஃபாண்ட் செய்கிறவர் பாடு.

சிரிலிக்கிலும் இதே கதை. சாய்வெழுத்தில் 'த' ரஷ்யனுக்கு ஒரு மாதிரி, செர்பியனுக்கு வேறு. நல்ல ஃபாண்ட்டில் இரண்டும் இருக்கும். மொழியைச் சொன்னால் மாறிக்கொள்ளும். நம்மவர்கள் பெரும்பாலும் தும்பிக்கையை வெட்டிவிட்டார்கள். பழைய பதிப்பை அப்படியே அச்சிட நினைப்பவர் எங்கே போவார்?

ஸ்ரீபெரும்புதூரிலோ தலைகீழ் வம்பு. 2005-ல் யூனிகோடில் ஶ தனியாக வந்தபின் ஸ்ரீயை இரண்டு விதமாகத் தட்டலாம். கண்ணுக்கு ஒன்று, கணிப்பொறிக்கு வேறு. ஊர்ப்பெயர் போட்டு வேலை தேடும் ஐ.டி.ஐ. பையனுக்குச் சில விளம்பரங்கள் அகப்படாமலே போகலாம். இரண்டையும் தட்டிப் பாருங்கள்.