மெல்ல எழும் கால்

ஒரு கால் தரையை விட்டு மேலே எழ எவ்வளவு நேரம் வேண்டும்? போர்க்கலையான களரிப்பயற்றின் போட்டியில் கண் சிமிட்டும் பொழுது போதும். உயரத்தில் தொங்கும் பந்தை நோக்கி வீரனின் கால் சீறிப் பாயும். எட்டிய உயரத்தை நடுவர் குறித்துக்கொள்வார். நடன அமைப்பாளர் சந்திரலேகாவின் ‘சரீரா’ என்ற நடனப் படைப்பில் எழும் காலுக்கு அந்த அவசரம் ஏதுமில்லை. மேடையில் ஒரு பெண். மங்கிய செவ்வொளி. அவளுடைய கால் எழத் தொடங்கிவிட்டதா இல்லையா என்று நாம் ஐயுறும்போதே அது தரையை விட்டு நழுவியிருக்கிறது. பிறகு கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால் என்று ஒவ்வொன்றாகத் தம் பாரத்தை உதிர்த்துக்கொண்டு மேலே வருகின்றன. அந்த மெதுவில் தளர்ச்சி துளியும் இல்லை. விரல் நுனி வரை விழித்திருக்கும் கால் அது. சட்டென்று வீசி உயர்த்துவதைவிட இப்படி ஏந்தி உயர்த்துவது எத்தனை கடினம் என்பது உடற்பயிற்சி செய்தவர்களுக்குத் தெரியும். செய்யாதவர்களுக்கும் பார்க்கப் பார்க்கப் புரிந்துவிடும்.

2001இல் உருவான ‘சரீரா’ சந்திரலேகாவின் கடைசிப் படைப்பு. ஏறக்குறைய ஒரு மணி நேரம், இரண்டே உடல்கள். பின்னணியில் குண்டேச்சா சகோதரர்களின் துருபத் இசை, ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டால் எளிதில் விட மனமில்லாமல் அதன் உள்ளறைகளை எல்லாம் திறந்து காட்டும் இசை. இந்தப் படைப்பைப் பல ஆண்டுகள் ஆடியவர்கள் திஷானி தோஷியும் ஷாஜி ஜானும். திஷானி கவிஞர், இருபத்தாறு வயதில், முறையான நடனப் பயிற்சி இல்லாமலே சந்திரலேகாவிடம் வந்து சேர்ந்தவர். ஷாஜி களரியில் வளர்ந்தவர். சொல்லிலிருந்து ஒருவர், போர்க்கலையிலிருந்து ஒருவர். இருவரும் கூடியபோது மேடைக்குக் கிடைத்தது எந்த ஒரு பள்ளிக்கும் முழுதாகச் சொந்தமில்லாத ஒரு புதிய அழகு.

ஷாஜியின் உடலைச் சற்று நின்று பார்ப்போம். களரி என்பது நிலமட்டத்துக்குக் கீழே தோண்டிய களம். மரபான அளவு நாற்பத்திரண்டு அடி நீளம், இருபத்தோரு அடி அகலம். அந்த மண்ணில்தான் யானை, சிங்கம், பன்றி, மயில், பாம்பு என்று விலங்குகளின் வடிவுகளை மாணவன் தன் உடலில் ஏற்றிக்கொள்கிறான். சிங்க வடிவில் இடுப்பு தரையோடு தாழும். முதுகுத்தண்டோ வில்லின் நாணாக விறைத்திருக்கும். பாய்ச்சல் இன்னும் நிகழவில்லை, ஆனால் அதற்கு வேண்டியதெல்லாம் உள்ளே திரண்டாயிற்று. ‘சரீரா’வில் ஷாஜி கொண்டுவருவது இந்தத் திரட்சியைத்தான். எதிரி இல்லை, வாள் இல்லை, வெல்ல வேண்டிய சுற்று எதுவுமில்லை. இருந்தும் எந்த நொடியிலும் பாயக்கூடிய ஓர் உடலின் விழிப்பு அப்படியே இருக்கிறது. பாயாமல் நிற்கும் அந்த வலிமையின் கனிவு இருக்கிறதே, அதைச் சொல்ல எனக்குச் சொல் வாய்க்கவில்லை.

அடுத்து முழங்கால். பரதநாட்டியத்தின் அரைமண்டியையும் களரியின் தாழ்ந்த நிலைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டுமே தரையை நம்புகிற கலைகள். எங்கள் குந்தா மலைச் சரிவுகளில் தேயிலை மூட்டையைத் தலையில் ஏந்தி இறங்குபவர்களைப் போல, முழங்காலை மடக்கிப் பாரத்தை மண்ணிடம் ஒப்படைத்துவிட்டால் மேலுடல் விடுதலை பெறுகிறது. கழுத்து நிமிர்கிறது, கைகள் லேசாகின்றன. குந்தெ நாட்டுப் படகர் ஊர்களில் ஹெத்தை ஹப்பா திருவிழாவின்போது வட்டமாகச் சுற்றி ஆடுகிறவர்களின் காலடியிலும் இந்த மண்பற்று உண்டு. மலையில் பிறந்தவர்களுக்குப் பாதம்தான் முதல் ஆசான்.

பரதத்துக்கும் களரிக்கும் உள்ள இந்த உறவைத் தெளிவாகக் கண்டு மேடைக்குக் கொண்டுவந்தவர் சந்திரலேகா. மகாராஷ்டிரத்தில் 1928இல் பிறந்து, சென்னையில் காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையிடம் பரதம் கற்றவர். 1952இல் ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்காக நடந்தது அவருடைய அரங்கேற்றம். யமுனையின் நீர் விளையாட்டை அபிநயித்துக்கொண்டிருந்தபோதே வெடித்துக் கிடந்த வறண்ட நிலம் அவர் நினைவில் வந்து நின்றது. அந்த உறுத்தல் அவரை விடவில்லை. காலப்போக்கில் மேடையிலிருந்து விலகினார். நீண்ட இடைவெளிக்குப் பின் 1985இல் ‘ஆங்கிகா’வோடு திரும்பினார். பரதமும் யோகமும் களரியும் அதில் ஒரே அரங்கில் சந்தித்தன. நகை நட்டு குறைந்தது, கதை குறைந்தது, முகபாவம் குறைந்தது. குறையக் குறைய உடலின் கோடுகள் துலங்கின. கோணமாக மடியும் முழங்கை, அதற்கு விடை சொல்வது போல் விரியும் தோள், இரண்டையும் சேர்த்துக் கட்டும் முதுகெலும்பு என்று ஒவ்வொன்றும் தனித்தனியே கண்ணில் பட்டது.

அந்த முதுகெலும்பின் மேல் அவருக்கு அப்படியொரு காதல். ‘ஆங்கிகா’வில் ‘நரவாகனா’ என்றொரு பகுதி: ஆண் வாகனமாகிறான், பெண் அவன் மேல் ஏறி அமர்கிறாள். வாகனமாகும் உடல் நசுங்கிவிடக் கூடாது, ஏறும் உடல் ஆணவம் கொள்ளக் கூடாது. பாரத்தைத் தாங்குவதும் ஏறி அமர்வதும் ஒரே மதிப்புள்ள செயல்களாகத் தோன்ற வேண்டும். போர்க்கலைப் பயிற்சி இல்லாத உடலுக்கு இந்தச் சமநிலை எட்டாக்கனி. 1991இன் ‘ஸ்ரீ’யில் பெண்கள் வளைந்த முதுகோடு நடந்து வருகிறார்கள். கூன் என்பதை நடித்துக் காட்டவில்லை, காலகாலமாகச் சுமந்த பாரத்தை எலும்பிலேயே எழுதிக் காட்டுகிறார்கள். அந்த முதுகுகளைக் கண்டபின், நிமிரும் ஒவ்வொரு முதுகும் நமக்குப் பெருஞ்செய்தி ஆகிவிடுகிறது.

ஒளியைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சதானந்த் மேனன் அமைத்த ஒளி, ஆடுபவர்களை எடுத்துக்காட்டுவதற்காக மட்டும் விழுவதில்லை. தசையின் மேட்டில் தங்கி, பள்ளத்தில் நிழலைத் தேக்கி, உடலை ஒரு மலைத்தொடராக்கிக் காட்டுகிறது. எங்கள் அவலாஞ்சி மலையில் மாலை வெயில் செய்கிற வேலையை அன்றாடம் பார்க்கிறவன் நான். ஒளிக்குத் தெரிந்த நுட்பத்தைக் கண்டால் மனம் இளகிவிடும்.

இன்று களரியும் சிலம்பமும் போட்டிக் களத்தில் புது மிடுக்கோடு நிற்கின்றன. 2022இல் பஞ்ச்குலாவில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் களரிப்பயற்று இடம்பெற்றது. 2024 ஜனவரியில் தமிழ்நாடு நடத்திய அதே விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டானது. களத்தில் கம்பு சுழற்றும் பிள்ளைகள் புள்ளிக்காக ஆடட்டும், பதக்கமும் வாங்கட்டும். வேகத்துக்கென்று ஓர் அழகு உண்டு. வேகத்தை வென்ற பிறகு, அதை அடக்கி ஆளும் இன்னொரு அழகும் அவர்களுக்காகவே காத்திருக்கிறது என்பதை ஷாஜி ஜானின் வாழ்க்கை காட்டுகிறது. போட்டிக்காகப் பழகிய உடல் மேடைக்கு வந்தால் பழையதை மறக்கத் தேவையில்லை. அங்கே கற்ற கூர்மைதான் இங்கே நளினமாகக் கனிகிறது.

‘சரீரா’வின் ஒளிப்பதிவு எங்காவது கண்ணில் பட்டால் ஓட்டிவிடாமல் பாருங்கள். முதலில் பாதங்களை, அடுத்து முழங்கால்களை, பிறகு முதுகை. முகத்துக்குக் கடைசியில் வந்தால் போதும்; அதற்குள் உடலே எல்லாவற்றையும் சொல்லி முடித்திருக்கும்.