புரி புதுக்கிய குழல்

பென்சில்வேனிய நீள் ரைஃபிளைக் கையில் வாங்கியதும் கண் கட்டையில்தான் போய் நிற்கும். சுருள் மேப்பிள் மரம். குறுக்கே அடுக்கடுக்காய் வேங்கை வரிகள். சற்றே சாய்த்தால் இருண்ட வரி ஒளிரும்; ஒளிர்ந்தது இருளும். இரும்பைக் கரைத்த நைட்ரிக் அமிலத்தை மரத்தில் தடவி, பழுக்கக் காய்ச்சிய இரும்பை அருகே காட்டுவார்கள். மரத்துக்குள் உறங்கிக் கிடந்த வரி அந்தச் சூட்டில் எழுந்து வரும்.

18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மொழி பேசும் நாடுகளிலிருந்து வந்து, பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய கொல்லர்கள் இந்த ரைஃபிளை வளர்த்தெடுத்தார்கள். அவர்கள் ஊரில் செய்துவந்த யேகர் ரைஃபிள் குட்டையானது, துளை அகன்றது. புது நாட்டிலோ காட்டுக்குள் மாதக்கணக்கில் அலைபவன் மருந்தையும் ஈயத்தையும் தானே சுமக்க வேண்டும். குழல் மூன்றரை அடியும் அதற்கு மேலுமாய் நீண்டது, துளை சிறுத்தது. அரை அங்குலக் குண்டென்றால் ஒரு பவுண்டு ஈயத்தில் சுமார் 37 வார்க்கலாம். சிக்கனம் இழைத்த உடம்புதான். ஆனாலும் நாரைக் கழுத்தின் ஒயில் அதற்கு வந்துவிட்டது.

கட்டையின் பின்பகுதியில் ஒரு பித்தளைப் பெட்டி. லங்காஸ்டர் வேலையென்றால் அதன் தலைப்பில் பெரும்பாலும் ஒரு டெய்சிப் பூ விரிந்திருக்கும். 1740இல் பிறந்து 1822இல் மறைந்த ஜேக்கப் டிக்கர்ட் அந்த ஊரின் பேர்பெற்ற கைகளில் ஒருவர். பூவுக்குக் கீழே இருப்பதோ கொழுப்புத் தடவிய துணித் துண்டுகள். குண்டைத் துணியில் பொதிந்து கோலால் உள்ளே தள்ளினால், துணி குழலுக்குள் சுருளாய் ஓடும் வரிப்பள்ளங்களான புரிகளைக் கவ்வும். சுடும்போது குண்டு பம்பரமாய்ச் சுழன்று வெளியேறும். அந்தச் சுழற்சியால்தான் குறி தப்பாது.

அந்தப் புரிகளைப் பாருங்கள். பெரும்பாலும் ஏழு. குழலின் முழு நீளத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ ஒரே ஒரு சுற்றுத்தான் திரும்பும். அவ்வளவு மெல்லிய வளைவு. நீண்ட கோலின் முனையில் சிறு எஃகுப் பல். அதை இழுத்து இழுத்து ஒவ்வொரு புரியாக வெட்டினார்கள். ஆழம் போதவில்லையா? பல்லுக்கு அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி மறுபடி இழுப்பார்கள். ஒரு காகிதத்தின் கனம்தான் அந்தக் கொல்லனின் அளவுகோல்!

ஆண்டுகள் போகப் போக மருந்துக் கசடு இரும்பை அரிக்கும். கோல் உரசி உரசி வாய் தேயும். அப்பனிடமிருந்து வாங்கிய மகன் அதைக் கொல்லனிடம் கொண்டுபோவான். கொல்லன் பழைய புரியின் வழியே பல்லை ஓட்டித் தேய்ந்ததை ஆழப்படுத்துவான், துளையையும் சற்று அகட்டுவான். அதன்பின் குண்டும் பெருக்க வேண்டும். வார்ப்பு அச்சும் மாறவேண்டும். பேரன் காலத்தில் மீண்டும் ஒருமுறை. இப்படி ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையை அந்தத் துளையின் அகலத்திலேயே படிக்கலாம்.

வெளியே இன்னொரு தடம். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அடித்தால் வெடிக்கும் தொப்பி மருந்து வந்ததும், பல வீடுகளில் சக்கிமுக்கிக் கல்லைக் கழற்றிவிட்டுப் பொறியை மாற்றினார்கள். பழைய திருகுத் துளைகளை அடைத்த வட்டங்கள் தகட்டில் இன்றும் தெரியும். ஒல்லியான கழுத்தில் கட்டை விரிசல் விட்ட இடத்தைப் பித்தளைத் தகடு இறுக்கிப் பிடித்திருக்கும். இவற்றையெல்லாம் பழுதென்று பார்க்கும் கண்ணுக்கு இந்த ரைஃபிள் பாதிதான் தெரியும்.

ஷானி, டெலவேர் பூர்வகுடி மக்களின் காடுகளுக்குள் குடியேறிகள் நுழைந்த காலத்துக் கருவி இது. மான் விழுந்த அதே குறியில் மனிதரும் விழுந்தார்கள். பித்தளைப் பூவை வியக்கும்போது அதையும் சேர்த்தே நினைக்கிறேன்.

ஆனாலும் அந்தப் புரி புதுக்கும் வேலையில்தான் என் மனம் லயிக்கிறது. புதிய பல்லுக்கு வழிகாட்டியது பழைய புரியே. பாட்டன் காலத்துக் கொல்லன் போட்ட வளைவில்தான் பேரன் காலத்துக் கொல்லனின் கையும் திரும்பியது. ஒவ்வொரு முறையும் குழல் கொஞ்சம் இரும்பை இழந்தது; வளைவை மட்டும் இழக்கவில்லை.