கத்தரிப்பூவின் சுற்றம்

புடைவைக் கடையில் கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று வேண்டும் என்று கேட்கும் பெண்மணிகளையும், கேட்ட மாத்திரத்தில் கை தவறாமல் அந்த வர்ணத்தை எடுத்து விரித்துக் காட்டும் கடைக்காரரையும் காணும்போதெல்லாம், இவர்களுள் எத்தனை பேர் ஒரு கத்தரிப்பூவை அது பூத்த செடியின் அருகே குனிந்து நின்று பார்த்திருப்பார்கள் என்ற கேள்வி என் மனத்தில் எழுவதுண்டு. ஒரு வர்ணத்துக்கு அந்தப் பூவின் பெயரை இட்ட முன்னோர் அதை நன்றாகப் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். நமக்கோ பெயர் மட்டும் எஞ்சி நிற்கிறது. அந்தப் பூவை மறுபடியும் பார்க்கக் கற்றுக்கொள்வோமானால், அதன் வழியே வேலியோரத்திலும் தரிசிலும் மலைச்சரிவிலும் பரந்து கிடக்கும் ஒரு பெரிய குலத்தோடு நமக்குப் பரிச்சயம் ஏற்படும் என்பது என் அநுபவம்.

தாவர சாஸ்திரத்தில் சொலனேசியே என்று வழங்கும் இந்தக் கத்தரிக் குடும்பத்தில் உலகெங்கும் ஏறக்குறைய 2,700 இனங்கள் இருக்கின்றன. நம் சமையலறையில் நாள்தோறும் புழங்கும் கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகிய நான்கும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. மார்ச்சளிக்குத் துவையலாகும் தூதுவளையும், கஷாயத்தில் சேரும் கண்டங்கத்தரியும், வாயில் அடக்கும் புகையிலையும், உயிரைக் குடிக்க வல்ல ஊமத்தையும் இதைச் சேர்ந்தவையே. உணவும் ஔஷதமும் விஷமும் இப்படி ஒரே வீட்டில் கூடி வாழும் குடும்பங்கள் செடியுலகில் அதிகம் இல்லை. ஆகையால், இதை ரசிக்கப் புறப்படுகிறவருக்கு அடையாளம் காணும் கலை ஆனந்தத்துக்காக மட்டுமின்றி எச்சரிக்கைக்காகவும் அவசியமாகிறது. பழத்தின் நிறத்தையோ ஊரார் சொல்லும் பெயரையோ நம்புகிறவர் என்றேனும் ஒரு நாள் ஏமாறுவார். பூவையும், பூவின் அடியிலிருந்து காயோடு கூடவே நிற்கும் புல்லிவட்டத்தையும் பார்க்கப் பழகியவர் எளிதில் ஏமாறமாட்டார்.

நான் இங்கே சொல்லப்போவது கோயமுத்தூர்ச் சமவெளியிலிருந்து மேட்டுப்பாளையம் கடந்து நீலகிரி ஏறும் பாதையை மனத்தில் வைத்து. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தரிசுகளில் பசுமை வாடாமல் இருக்கும் மார்கழி, தை மாதங்கள் இதற்கு ஏற்றவை. ஒரு சிறு லென்ஸும், கோடு போடாத நோட்டுப் புத்தகமும், பென்சிலும் இருந்தால் போதும்.

காலை வெயில் ஏறுவதற்கு முன் ஒரு கத்தரித் தோட்டத்துக்குப் போங்கள். பூ தலை கவிழ்ந்து இருக்கும். விரல் நுனியால் மெல்ல நிமிர்த்திப் பாருங்கள். இதழ்கள் தனித்தனியாக இராமல் அடியில் ஒன்றாக இணைந்து, ஓரத்தில் ஐந்து முனைகளாகப் பிரிந்து, நட்சத்திரம்போல் விரிந்திருக்கும். அதன் நடுவே பொன் மஞ்சளாய் ஐந்து மகரந்தப் பைகள் ஒன்றையொன்று சாய்ந்து நின்று ஒரு கூம்பாகக் கூடியிருக்கும். ஊதா நிறத்துக்கு நடுவே அந்த மஞ்சள் எப்படி ஒளிர்கிறது என்பதைச் சற்று நேரம் பார்த்த பிறகே லென்ஸை எடுக்க வேண்டும். லென்ஸில் பார்த்தால், பெரும்பாலான பூக்களைப்போல் இந்த மகரந்தப் பைகள் நீளவாட்டில் வெடித்துத் திறவாமல், நுனியில் ஊசித் துளை போன்ற சிறு வாயில்களை மட்டும் வைத்துக்கொண்டிருப்பது தெரியும். உள்ளே மகரந்தம் இருக்கிறது. ஆனால் மிளகுத்தூள் குப்பியை ஆட்டினாலன்றித் தூள் விழாதது போல, அசைத்தாலன்றி அது வெளிவராது.

அசைப்பவர் யார் என்பதை அறிய, தோட்டத்திலேயே அரைமணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கரிய தேனீ ஒன்று வரும். அல்லது வயிற்றில் நீல வரிகள் பளபளக்கும் சிறிய தேனீ ஒன்று வரும். பறந்து வரும்போது ஒரு சுருதியில் ஒலித்துக்கொண்டிருந்த அது, மஞ்சள் கூம்பைக் கால்களால் கட்டிக்கொண்ட மறுகணம் சட்டென்று மேல் ஸ்தாயிக்கு ஏறி ரீங்கரிக்கும். சிறகை விரிக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் அதிரச் செய்வதால் பிறக்கும் ஒலி அது. அந்த அதிர்விலே மகரந்தம் துளைகளின் வழியே தேனீயின் வயிற்றின்மேல் பொழிகிறது. நாம் வளர்க்கும் சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. இப்பூவில் தேன் கிடையாது. மகரந்தம் ஒன்றே காணிக்கை. பள்ளிக்கூடத்து இசைக்கவை ஒன்றைத் தட்டி அந்தக் கூம்பில் தொட்டுப் பார்த்தீர்களானால், தேனீ இல்லாமலே மகரந்தம் சிறு புகைபோல் உதிர்வதைக் காணலாம். இந்தக் காட்சியை ஒரு தடவை பிரத்தியட்சமாகக் கண்ட குழந்தை கத்தரிச் செடியை வெறும் குழம்புக்கான காயாக ஒருநாளும் நினைக்காது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அதே செடியில் வேறொரு நுட்பமும் உண்டு. சில பூக்களில் சூல்தண்டு மஞ்சள் கூம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சிலவற்றில் அது உள்ளேயே குறுகி நின்றுவிடும். நீண்டவை காய்க்கும், குறுகியவை காய்க்காமல் உதிரும். எந்தப் பூ நாளைய காய் என்பதைப் பூத்த அன்றே சொல்லிவிடலாம்.

பூ எங்கிருந்து கிளம்புகிறது என்பதையும் கவனியுங்கள். மற்றச் செடிகளில் இலைக்கக்கத்தில் பூ பிறப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வியப்பாக இருக்கும்: கத்தரியிலும் சுண்டையிலும் மணத்தக்காளியிலும் பூங்காம்பு இலைக்கக்கத்தை விட்டு விலகி, கணுவுக்கும் கணுவுக்கும் இடையே தண்டின் பக்கவாட்டிலிருந்து புறப்படும். பூவின் அமைப்போடு இந்த லட்சணமும் பொருந்தினால், செடி சொலானம் என்ற பேரினத்தைச் சேர்ந்தது என்று பெரும்பாலும் துணியலாம். லின்னேயஸ் 1753-இல் தம் நூலில் பதிவு செய்த பேரினங்களுள் அதுவும் ஒன்று.

இனி வேலிப்பக்கம் வரலாம். பெயர்கள் நம்மைக் குழப்பும் இடம் இது. முள்ளி என்று சொல்லப்படும் செடி கத்தரிக் குலம். நீர்முள்ளி என்பது முற்றிலும் வேறு குடும்பம். மஞ்சள் பூவும் முள்ளிலையுமாகத் தரிசில் நிற்கும் பிரமதண்டைக் கண்டு கண்டங்கத்தரி என்று காட்டுவோர் உண்டு. அதன் தண்டைக் கிள்ளினால் மஞ்சள் பால் வடியும், இதழ்களும் இணையாமல் தனித்தனியாக இருக்கும். மெய்யான கண்டங்கத்தரி பூமியோடு படிந்து வட்டமாகப் பரவும். தண்டிலும் காம்பிலும் இலை நரம்பின் இரு புறத்திலும் நேரான மஞ்சள் முட்கள் குத்திட்டு நிற்கும். அத்தனை முட்களுக்கு நடுவே, கத்தரித் தோட்டத்தில் பார்த்த அதே ஊதா நட்சத்திரமும் அதே பொற்கூம்பும் அப்படியே இருக்கும்! முதல் தடவை அந்த ஒற்றுமையை நானே கண்டுகொண்ட அன்று, தெரியாத ஊரில் சொந்தக்காரர் ஒருவரைச் சந்தித்தாற்போன்ற சந்தோஷம் எனக்கு உண்டாயிற்று. பிஞ்சு பச்சையும் வெள்ளையுமாக வரியோடி, பழுத்தால் மஞ்சளாகும். விதைக்கு விட்ட கத்தரிக்காயும் முடிவில் மஞ்சளாவதை நினைத்துக்கொள்ளுங்கள். தசமூலம் என்னும் பத்து வேர்களுள் இதன் வேரும் ஒன்று.

தூதுவளை இதற்கு நேர்மாறான சுபாவம் உடையது. தரையில் கிடக்கச் சம்மதியாமல் வேலியைப் பற்றி ஏறும். ஏறுவதற்கு உதவியாக அதன் முட்கள் பின்னோக்கி வளைந்து கொக்கிபோல் இருக்கும். கிடக்கும் செடிக்கு நேர் முள், ஏறும் கொடிக்குக் கொக்கி முள் என்ற இந்த வேறுபாட்டைக் கையால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது, சற்று ஜாக்கிரதையாக. கீறல் விட்ட இலை, ஊதாப் பூ, சிவந்த சிறு பழம். இக்கீரையை வள்ளலார் பெரிதும் போற்றினார்.

சுண்டையின் பூ வெண்மையானது. செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். காய் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். நம் வற்றல் குழம்போடு இவ்வளவு இணைந்துவிட்ட இந்தச் செடியின் பூர்வீகம் அமெரிக்காவின் வெப்பப் பிரதேசங்கள் என்பதை அறியும்போது வியப்பாக இருக்கிறது. இதன் உறுதியான வேர்மேல் கத்தரியை ஒட்டுக்கட்டி, வாடல் நோயைத் தாங்கும் கன்றுகளை இப்போது உண்டாக்குகிறார்கள். அமெரிக்காவிலிருந்தே வந்து, வரவேற்பாரின்றிக் கோவை வட்டாரத்து வயல்களில் களையாகப் பரவியிருக்கும் வேறொரு செடியும் உண்டு: இலை முழுவதும் வெள்ளி பூசினாற்போன்றிருக்கும், பூ மட்டும் அசல் கத்தரிப்பூ.

கொங்கு நாட்டில் சுக்குட்டிக் கீரை என்று சொல்லும் மணத்தக்காளி, சிறிய வெண்பூக்களைக் குடைக்கம்பிபோல் ஒரே புள்ளியிலிருந்து தொங்கவிடும். காய்ந்த மிளகைப்போல் கறுத்த பழமும் உண்டு. அதன் நெருங்கிய உறவினம் ஒன்றில் ஆரஞ்சுச் சிவப்பாகப் பழுப்பதும் உண்டு. ஐரோப்பாவில் பெல்லடோனா என்னும் கொடிய விஷச்செடியின் கரும்பழத்தோடு இதைக் குழப்பி அஞ்சுவார்கள். நம் சமவெளியில் அது வளர்வதில்லை. ஆயினும் வித்தியாசத்தை அறிந்துகொள்வது ரசிகனுக்கு அழகு: பெல்லடோனாவில் பழம் ஒன்றொன்றாக, அகன்ற பச்சை நட்சத்திரப் புல்லிவட்டத்தின்மேல் அமர்ந்திருக்கும், மணத்தக்காளியில் கொத்தாக, அடியில் சின்னஞ்சிறு புல்லியோடு இருக்கும். பச்சைக் காயை அப்படியே மெல்லக் கூடாது. மோரும் உப்பும் சேர்த்து வெயிலில் காய வைத்து வற்றலாக்கும் பழக்கத்தை நம் வீட்டுப் பெண்கள் தலைமுறைதோறும் காத்து வந்திருக்கிறார்கள்.

புல்லிவட்டத்தின் விசேஷத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பல குடும்பங்களில் பூ உதிரும்போது அதுவும் உதிர்ந்துவிடும். இங்கே பெரும்பாலும் காயோடு சேர்ந்து வாழும். கத்தரிக்காயின் தலையில் தொப்பிபோல் கவிந்திருப்பதும், தக்காளிப் பழத்தின்மேல் பச்சை நட்சத்திரமாக ஒட்டியிருப்பதும், மிளகாயின் காம்படியில் சிறு கிண்ணமாக நிற்பதும் அதுதான். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் இலவம்பாடிக் கத்தரியில் அந்தத் தொப்பியிலே முள் கூடத் தங்கியிருக்கிறது. அமுக்கராவில் அது காகிதப்பைபோல் உப்பிச் செம்பழத்தை உள்ளே பொதிந்துகொள்ளும். சொடக்குத் தக்காளியில் இன்னும் பெரிதாகக் காற்றடைத்த கூடாகும். அதை நெற்றியில் அறைந்து ‘சொடக்’கென்று உடைத்து விளையாடாத கிராமத்துப் பால்யம் உண்டோ? கடல் கடந்து பெரிய தக்காளி வருமுன்பே தக்காளி என்ற சொல் நம்மிடம் இத்தகைய சிறு செடிகளுக்கு வழங்கி வந்தது. புதிய பழம் பழைய பெயரைப் பெற்றுக்கொண்டது. மிளகைப் போல் உறைக்கும் காய்க்கு மிளகாய் என்று பெயர் வைத்ததும் இதே முறையில்தான்.

மலை ஏறினால் குடும்பம் வேறு கோலம் கொள்ளும். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜான் சல்லிவன் காலத்தில் உதகையில் காலூன்றிய உருளைக்கிழங்கின் வெண்பூக்களையும் இளஊதாப் பூக்களையும் சரிவு வயல்களில் காணலாம். கிழங்கைத் தோண்டுகிறவர்கள் பூவைப் பார்ப்பதில்லை. பூவைப் பார்த்தவருக்கோ கத்தரியோடு அதன் உறவை யாரும் சொல்ல வேண்டியதில்லை. சில செடிகளில் சிறு தக்காளிபோன்ற பச்சைக் காயும் காய்க்கும். அது விஷம், தொடலாம், தின்னலாகாது. உதகைச் சந்தையில் முட்டை வடிவில் செம்மையாகக் கிடக்கும் மரத்தக்காளியும், சாலையோரக் காட்டில் கம்பளிபோல் மயிரடர்ந்த பெரிய இலைகளோடு ஊதாப் பூக்கொத்து ஏந்தி நிற்கும் தென்னமெரிக்க மரமும் சொலானமே. பின்னது சோலை ஓரங்களில் வெகுவாகப் பரவிவருவது வருந்தத்தக்கது.

பார்த்ததை வரையுங்கள். கோயமுத்தூரில் வாழ்ந்து தாவரங்களை ஆராய்ந்த ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட படத்தொகுதியில் 2,000-க்கு மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. அவருக்காக வரைந்த நம் நாட்டு ஓவியர்களான ரங்கையாவும் கோவிந்துவும் பூவை முழுதாக வரைந்ததோடு நில்லாமல், அதைப் பிளந்து உள்ளுறுப்புகளையும் வேறாக வரைந்து காட்டினார்கள். அந்த முறையே நமக்கும் ஏற்றது. ஐந்து மகரந்தப் பைகளையும் அவற்றின் துளைகளையும் உங்கள் பென்சிலால் ஒரு தடவை வரைந்துவிட்டால், பிறகு எந்தப் புத்தகமும் வேண்டியிராது.

மலையிலிருந்து இறங்கி மேட்டுப்பாளையம் வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடும். அப்போது குப்பைமேட்டருகே ஊமத்தை நிற்கிறதா என்று தேடுங்கள். இதில் நட்சத்திரமும் இல்லை, கூம்பும் இல்லை. ஆனால் இதழ்கள் இணைந்து ஐந்து முனை கொண்டிருக்கும் குல லட்சணம் மாறுவதில்லை. சிவபூஜைக்கு உரிய இந்த நீண்ட எக்காளத்தைப் பக்தியோடு பாருங்கள். கையில் கசக்க வேண்டாம். இலை, பூ, விதை எல்லாம் விஷம். விதை மிளகாய் விதையைப்போல் தட்டையாக இருப்பதால், இரண்டையும் பிரித்தறிய வைத்திய மாணவர்களுக்குத் தனிப் பாடமே உண்டு: மிளகாய் விதை வெளிர் மஞ்சள், வட்டம், ஊமத்தை விதை பழுப்பு, சிறுநீரக வடிவம், மேலே குழிகள். முட்காயைப் புரட்டிப் பார்த்தால் அடியில் ஒரு கழுத்துப்பட்டி தெரியும். குழாயாக இருந்த புல்லிவட்டம் குறுக்கே அறுந்து விழுந்தபின் எஞ்சிய அடிப்பகுதி அது. ஆமணக்கின் முட்காயில் இப்படி இராது.

முறுக்கிய குடைபோல் மூடியிருக்கும் மொட்டு ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதன் எதிரே அமருங்கள். இருள் கவியும் வேளையில் மடிப்புகள் ஒவ்வொன்றாக நெகிழும், வெண்மை விரியும், கூடவே ஒரு நறுமணம் மெல்லப் பரவும். நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பெரிய அந்துப்பூச்சி வந்து, பூவில் உட்காராமலே அதன் எதிரே சிறகடித்து நிற்கும்போது, லென்ஸைப் பையில் போட்டுவிட்டு மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பார்த்திருங்கள்.